மஹல்லாவின் வழக்கறிஞர்களுக்கு ஓர் அழைப்பு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நமது ஜமாஅத்தில் துறைசார் ஆலோசனைக் குழு ஒன்று சென்ற ஆண்டு அமைக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். மருத்துவர்கள் முன்வந்தார்கள். பொறியாளர்கள் வந்தார்கள்; ஒளூச் செய்யும் ஹவ்ளின் கசிவை அவர்கள்தாம் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்தார்கள். தணிக்கையாளர் ஒருவர் நம் கணக்கேடுகளைப் பார்த்து, இன்று உங்கள் கைகளில் இருக்கும் வரவு செலவு அறிக்கையை ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறார். அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவானாக. ஆனால் அந்தக் குழுவில் ஒரு நாற்காலி இன்றுவரை வெறுமையாகவே கிடக்கிறது. அது வழக்கறிஞருக்குரிய நாற்காலி.

வழக்கறிஞர்கள் நம் மஹல்லாவில் இல்லாமல் இல்லை. ஜும்ஆவுக்கு நீதிமன்றத்திலிருந்து நேராக ஓடி வந்து, வெள்ளைக் கழுத்துப்பட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் தொழுதுவிட்டுத் திரும்புகிற இளைஞர்களை மிம்பரின் மீதிருந்து வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்களிடம் பேசும் பொறுப்பை நிர்வாகக் குழு எனக்கு அளித்தது. ‘ஹஜ்ரத் சொன்னால் தட்ட மாட்டார்கள்’ என்று நினைத்தார்கள் போலும். நான் அவர்களுடைய இல்லங்களுக்கும் அலுவலகங்களுக்கும் சென்று வந்தேன். அவர்கள் சொன்னவற்றைப் பின்னர் கூறுகிறேன். அதற்கு முன், இந்தப் பொறுப்பை நான் மனமுவந்து ஏற்றதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அது என் தவறு ஒன்றைப் பற்றியது.

பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஊரில் நான் இமாமாகப் பணியாற்றிய காலம். ஒரு பெரியவர் வஃபாத்தானார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். ஒரு வீடும் ஒரு கடையும் சொத்து. நாற்பதாம் நாள் கழித்து மூத்த மகன் என்னிடம் வந்து, ‘மார்க்கப்படி பங்கு சொல்லுங்கள் ஹஜ்ரத்’ என்றார். மத்ரஸாவில் ஃபராயிள் பாடத்தில் நான் நன்றாகவே தேறியவன். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவற்றை முதலில் விசாரித்தேன். பிறகு சொத்தை 40 பாகங்களாக்கி, மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 5, மகன்கள் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7 என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். கணக்கில் பிழையில்லை. இன்று எழுதினாலும் அப்படித்தான் எழுதுவேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தத் தாளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மதிப்பும் இல்லை என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள் என்று சொல்லவில்லை. எனக்கே அது சரியாகத் தெரியாது. சில மாதங்களில் சகோதரர்கள், ‘பட்டா மாற்றத்திற்குக் கையெழுத்து வேண்டும்’ என்று சொல்லி அந்தச் சகோதரியை அழைத்துச் சென்றார்கள். அவர் கையெழுத்திட்டது விடுதலைப் பத்திரம். தமது 7 பாகங்களையும் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது.

சில வாரங்களில் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே ஜமாஅத்திற்கு வந்தார். இனிமேல் நான் சொல்லப் போவதுதான் எனக்கு இன்றும் உறக்கத்தைக் கெடுப்பது. நாங்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. உட்காரவைத்துப் பேசினோம். சகோதரர்களை அழைத்தோம். ஒரு முறை வந்தார்கள், மறுமுறை வரவில்லை. ரமளான் கழியட்டும் என்றோம். மூத்தவர் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்றோம். ‘உறவை முறித்துக்கொள்ளாதே அம்மா, ஸப்ரு செய்’ என்று நானே சொன்னேன். இப்படியே மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் ஓடிவிட்டன. இறுதியில் யாரோ வற்புறுத்தி அவரை ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றார்கள். அந்த வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, ‘ஏமாற்றப்பட்டது உங்களுக்கு எப்போது தெரியும்?’ என்பதுதான். பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரும் வழக்கை, அதற்கான காரணம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். ‘ஜமாஅத்தில் பேசிக்கொண்டிருந்தோம்’ என்று சொன்னால் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை.

பின்னர் சகோதரர்கள் மனமிரங்கி ஏதோ ஒரு தொகையைக் கொடுத்தார்கள். அது அவருடைய பங்கன்று. பெயரும் ஊரும் சொல்லாமல் இதைப் பேசலாம் என்று அந்தச் சகோதரி எனக்கு அனுமதி அளித்திருக்கிறார். அவர் பங்கைப் பறித்தவர்கள் சகோதரர்கள். ஆனால் அதை மீட்கும் காலத்தைக் கரைத்தவர்கள் நாங்கள், நல்லெண்ணத்தோடு கரைத்தோம். ஒரு வழக்கறிஞர் முதல் அமர்விலேயே எங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், ‘பேசுங்கள், ஆனால் இன்ன தேதிக்குமேல் பேசாதீர்கள்’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த நாற்காலி.

அன்பிற்குரியவர்களே! திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியதா, நோன்பைப் பற்றியதா? இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம். கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது! தவணை குறித்துக் கடன் கொடுக்கும்போது அதை எழுதிக்கொள்ளும்படியும், எழுத்தர் நீதியோடு எழுதும்படியும், சாட்சிகளை ஏற்படுத்தும்படியும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பல்படாதிருக்கும்படியும் அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான். அந்த வசனத்தில் எழுத்தரைக் குறித்து இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ஒன்று எழுத்தருக்கு: அல்லாஹ் தனக்குக் கற்றுக்கொடுத்திருக்க, எழுதித் தர அவர் மறுக்கலாகாது. மற்றொன்று மக்களுக்கு: எழுத்தருக்கோ சாட்சிக்கோ துன்பம் இழைக்கப்படலாகாது. முதல் கட்டளையை வழக்கறிஞர்களுக்கும், இரண்டாவதை நமக்கும் நினைவூட்டுவதே என் உரையின் நோக்கம்.

உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நிலம் கிடைத்தபோது, அதை என்ன செய்வதென்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மம் செய்யலாம் என்று வழிகாட்டப்பட்டது. விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுரிமையாகப் போகக் கூடாது என்ற நிபந்தனைகளோடு உமர் (ரலி) அதை வக்ஃபு செய்தார்கள். இதை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த வக்ஃபுக்கு எழுதப்பட்ட பத்திரத்தின் வாசகமும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. எழுதியவர் முஐகீப் (ரலி), சாட்சி அப்துல்லாஹ் இப்னுல் அர்க்கம் (ரலி). பொருளை வழங்கியவரின் பெயரோடு எழுதிக் கொடுத்தவரின் பெயரும் ஹதீஸ் நூலில் நிலைத்துவிட்டது.

‘வக்கீல்’ என்ற நமது அன்றாடச் சொல்லே அரபிச் சொல்தான். ஃபிக்ஹு நூல்களில் ‘வகாலத்’ என்றே ஒரு தனிப் பாடம் உண்டு. அலீ (ரலி) அவர்கள் வழக்குகளில் தமது சார்பில் சகோதரர் அகீல் (ரலி) அவர்களையும், அவர்கள் முதுமையடைந்த பின் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களையும் வகீலாக நியமித்திருந்ததை ஹனஃபி இமாம்கள் ஆதாரமாக எடுத்துச் சொல்கிறார்கள். இந்தத் தொழிலையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிற சில பெரியவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி நம் பள்ளிவாசல் அலுவலகத்தில் உள்ள இரும்பு பீரோவுக்கு வருவோம். சென்ற ஆண்டு தணிக்கைக்காக அதைத் திறந்தபோது நானும் உடனிருந்தேன். பழைய வக்ஃபு பத்திரத்தின் நகல் இருக்கிறது, மூலம் இல்லை. எல்லைகள், ‘கிழக்கே இன்னாருடைய தோப்பு, மேற்கே வாய்க்கால்’ என்று எழுதப்பட்டிருக்கின்றன. தோப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. மறு நிலஅளவையில் எண்கள் மாறிவிட்டன. கடை வாடகை ஒப்பந்தங்கள் சிலவற்றில் கையொப்பமிட்ட இரு தரப்பாருமே வஃபாத்தாகிவிட்டார்கள். கடையை நடத்துபவர் மூன்றாம் நபர். வாடகை வருகிறது, ஆகவே நாம் கேட்கவில்லை.

முன்பெல்லாம் இதில் ஓர் ஆறுதல் இருந்தது. 1995 ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டத்தில் 107 ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. வக்ஃபு அசையாச் சொத்தை மீட்கத் தொடுக்கும் வழக்குக்குக் காலவரையறை கிடையாது என்பது அதன் சாரம். 2025 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, வக்ஃபு நிலங்களுக்கும் காலவரையறைச் சட்டத்தைப் பொருந்தச் செய்தது. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணையில் வேறு சில பிரிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. இது நிறுத்தி வைக்கப்படவில்லை. ஒருவர் நம் நிலத்தில் உரிமை கொண்டாடிப் பகிரங்கமாக அமர்ந்துவிட்டால் பன்னிரண்டு ஆண்டுகள் என்ற கணக்கு இனி நமக்கும் வரும். வக்ஃபு விவரங்களைப் பதிவேற்றுவதற்காக 2025 ஜூன் 6 அன்று ‘உமீத்’ இணையதளம் தொடங்கப்பட்டு, ஆறு மாத காலம் தரப்பட்டது. அதை நீட்டிக்கக் கோரியவர்களிடம், அதற்குத் தீர்ப்பாயத்தையே அணுக வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மாதங்களில் ஊர் ஊராக முத்தவல்லிகள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். நகலெடுக்கும் கடைகளில் நள்ளிரவு வரை நின்றவர்கள் உண்டு. நல்ல சட்டமா கெட்ட சட்டமா என்பதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. தாள்களைப் படிக்கத் தெரிந்தவர் நம்மிடையே வேண்டும் என்பதே இங்கே என் பேச்சு.

திருமண விஷயமும் இருக்கிறது. நமது நிகாஹ் தஃப்தரில் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் பலர். 2009 ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். விசாவுக்கு அலையும்போதுதான் இது பலருக்கு நினைவு வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழு தீர்ப்பளிக்கும் மன்றம் அன்று. ஃபத்வாவுக்குச் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் கூறியது. பள்ளிவாசல் வளாகங்களில் ஷரீஅத் நீதிமன்றம் என்ற பெயரில் எதுவும் இயங்கலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. தனியார் அமைப்புகள் வழங்கும் குலஃ சான்றிதழ் செல்லாது, பெண்கள் குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று 2023 இல் அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே யாரையும் சம்மன் அனுப்பி அழைக்க மாட்டோம், யாரையும் ஊர்விலக்கம் செய்யச் சொல்ல மாட்டோம். வருகிறவரின் தாள்களைப் பார்த்து, அவருக்கு என்ன உரிமை, எத்தனை நாள் அவகாசம், எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்புவது மட்டுமே பணி. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. வட்டம்தோறும் அதற்கான குழு இருக்கிறது. நம் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே அந்தச் சகோதரியின் விவகாரத்திற்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது வழக்கறிஞர்கள் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். நேரமில்லை என்றார்கள் சிலர். அது உண்மைதான், ஆனால் மருத்துவருக்கும் நேரமில்லை. கட்சிக்காரர்களைப் பிடிக்கத்தான் பள்ளிவாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் பேசும் எனச் சிலர் தயங்கினார்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை அவர்களுடைய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். இதற்கு வழி இருக்கிறது. அவர்களுடைய பெயரும் தொலைபேசி எண்ணும் இந்த மலரிலோ அறிவிப்புப் பலகையிலோ இடம்பெறாது. குழுவிடம் ஆலோசனைக்கு வந்தவருடைய வழக்கைக் குழு உறுப்பினர் எவரும் கட்டணம் பெற்று நடத்துவதில்லை என்று எழுதி வைத்துக்கொள்வோம். நியாயமான அச்சத்துக்கு நியாயமான வேலி.

ஒரு மூத்த வழக்கறிஞர் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னார். ‘ஹஜ்ரத், ஜமாஅத் எங்களிடம் கருத்துக் கேட்பதில்லை. முதலில் முடிவெடுத்துவிட்டு, அதற்குச் சட்டம் தேடித் தரச் சொல்கிறது. முடியாது என்றால், இவன் எதிரணிக்காரன் என்கிறது.’ நான் பதில் சொல்ல முடியாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஏனென்றால் அவர் சொன்னது சரி.

ஆகவே ஜமாஅத்தார்களே, எழுத்தருக்குத் துன்பம் இழைக்காதீர்கள் என்ற கட்டளை நம்மை நோக்கியது. வழக்கறிஞர் நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னாலும் அது அறிக்கைப் புத்தகத்தில் அப்படியே பதிவாக வேண்டும். நிர்வாகக் குழு மாறுபட்டு முடிவெடுத்தால் அதற்கான காரணத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். முத்தவல்லி தேர்தலில் இரு அணிகளாக நிற்கும்போது குழுவை எந்த அணியும் இழுக்கலாகாது. ஒரே மஹல்லாவைச் சேர்ந்த இருவருக்குள் தகராறு என்றால், ஒருவர் பேச்சைக் கேட்ட வழக்கறிஞரிடம் மற்றவரை அனுப்பக் கூடாது. குழுவிடம் சொல்லப்பட்டது குழுவோடு நிற்க வேண்டும். அஸர் தொழுகைக்குப் பின் தேநீர்க் கடையில் அது வெளிவந்தால், அடுத்த வாரம் ஒரு பெண்ணும் வர மாட்டாள். முத்திரைத்தாள், நகல், வில்லங்கச் சான்றிதழ்க் கட்டணம் ஆகியவை ஜமாஅத்தின் பொது நிதியிலிருந்து தரப்படும். வழக்கறிஞரின் சட்டைப் பையிலிருந்து அன்று. ஜகாத் நிதியிலிருந்தும் அன்று. அதற்குரியவர்கள் யாரென்று அல்லாஹ் வரையறுத்துவிட்டான். வலீமா விருந்தில் பிரியாணித் தட்டோடு அருகில் வந்து அமர்ந்து பட்டா நகலை நீட்டுகிற வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வழக்கறிஞர் சகோதரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தம்மிடம் வழக்கோடு வருவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கலாம். தாம் கேட்டதை வைத்து ஒருவருக்கு அவர் சகோதரனின் உரிமையைத் தீர்ப்பளித்துவிட்டால், அவருக்குக் கிடைப்பது நெருப்பின் துண்டுதான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பல்லாண்டுகள் வாதத்திறனைத் தொழிலாகக் கொண்டவர்கள் நீங்கள். அந்தத் திறன் ஒரு மூதாட்டியின் அருகில் அமர்ந்து, ‘இதில் கையெழுத்துப் போடாதீர்கள்’ என்று சொல்லும்போது எவ்வளவு பெரிய இபாதத்தாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நான் எழுதிக் கொடுக்கும் ஃபராயிள் தாளின் கீழே, அடுத்து செய்ய வேண்டியவற்றை எழுத உங்கள் கை வேண்டும். என் கல்வி பங்கைச் சொல்லும். அதைப் பெற்றுத் தரும் வழி உங்கள் கல்வியில் இருக்கிறது.

பெண் வழக்கறிஞர்கள் கட்டாயம் வேண்டும். மஹர், ஜீவனாம்சம், வீட்டுக்குள் நடக்கும் அடி உதை ஆகியவற்றை ஒரு பெண் என்னிடம் சொல்ல மாட்டாள். சொன்னாலும் பாதியைத்தான் சொல்வாள். நம் மஹல்லாவில் சட்டம் படித்து, திருமணத்திற்குப் பின் வீட்டில் இருக்கும் சகோதரிகள் உண்டு. அவர்களுடைய கணவன்மார்களும் மாமனார்களும் இந்தச் சபையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், அஸர் தொழுகைக்குப் பின் மஃக்ரிப் வரை, மத்ரஸா மாடி அறையில் குழு அமரும். பெண்களுக்குப் பக்கத்து அறை. அதற்குப் பின்புறப் படிக்கட்டு வழியே தனியாக வந்து போகலாம். ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் போதும். நான்கு பேர் இருந்தால் எவருக்கும் பாரமில்லை. முன்வருகிறவர்கள் இன்று இஷாவுக்குப் பின் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். தனிமையில் சொல்ல விரும்புகிறவர்கள் என் அறைக்கு வரலாம். முதல் அமர்வில் வெளியார் எவரையும் அழைக்கப் போவதில்லை. அந்த இரும்பு பீரோவைத் திறந்து, வாடகை ஒப்பந்தங்களைத் தேதிவாரியாக அடுக்கி, எந்தக் கடைக்கு எத்தனை ஆண்டு கடந்துவிட்டது என்று பார்க்கப் போகிறோம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அஸர் தொழுகை முடிந்ததும் கொண்டு வருகிறேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.